கருவி இருந்தும் பார்க்காத தண்ணீர்

1993 மார்ச் மாதக் கடைசி. அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் மில்வாக்கி நகரத்துக்குக் குடிநீர் தந்தவை இரண்டு சுத்திகரிப்பு நிலையங்கள். அவற்றில் தெற்கு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் கலங்கல் ஏறத் தொடங்கியது. மார்ச் 28, 30 ஆகிய இரு நாள்களில் அது 1.7 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) அளவைத் தொட்டது. டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாலும் கண்ணுக்குப் பிடிபடாத கலங்கல்தான். ஏப்ரல் முதல் வாரத்தில் ஊரே வயிற்றுப்போக்கில் படுத்தது. பள்ளிகளில் ஆசிரியர்களும் மாணவர்களும், மருத்துவமனைகளில் ஊழியர்களும் கும்பலாக வராமல் போனார்கள். ஏப்ரல் 7 அன்று தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. 9ஆம் தேதி நிலையம் மூடப்பட்டது. அதற்குள் சுமார் 4,03,000 பேர் நோயுற்றிருந்தார்கள் என்று பிறகு மதிப்பிட்டார்கள். நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களில், முக்கியமாக எய்ட்ஸ் நோயாளிகளில், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரணம், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி. குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரின் அதை ஒன்றும் செய்வதில்லை. மணல் வடிகட்டிதான் அதற்குத் தடுப்பு. அந்த நாள்களில் வடிகட்டி தடுக்கவில்லை.

அந்த நிலையத்தில் கருவிகள் இல்லாமல் இல்லை. அழுக்கைத் திரட்டிப் படியவைக்கச் சேர்க்கும் மருந்து போதுமா, கூடுதலா என்பதை நீரிலுள்ள துகள்களின் மின்னூட்டத்தைக் கொண்டு சொல்லும் கருவி ஒன்று அங்கே இருந்தது. அதைத் தவறாகப் பொருத்தியிருந்ததால் யாரும் பயன்படுத்தவில்லை. வடிகட்டிய நீரின் கலங்கலை இடைவிடாமல் அளக்கும் கருவிகளையும் பயன்படுத்தவில்லை. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து ஆய்வகத்தில் பார்த்து எழுதிவைத்தார்கள். போதாக்குறைக்கு, காலங்காலமாகப் போட்டுவந்த படிகாரத்தை விட்டுவிட்டு முந்தைய ஆண்டுதான் பாலி அலுமினியம் குளோரைடுக்கு மாறியிருந்தார்கள். ஏரி கலங்கும் பருவத்தில் புது மருந்தை எவ்வளவு போட வேண்டும் என்ற அனுபவம் ஊழியர்களிடம் சேரவில்லை. எந்த நேரத்தில் கருவி வழிகாட்ட வேண்டுமோ அந்த நேரத்தில் அது வேலை செய்யாமல் கிடந்தது. மருத்துவச் செலவும் வேலையிழப்பும் சேர்ந்து அந்த நகரத்துக்கு 9.6 கோடி டாலர் இழப்பு என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். கருவிகளைச் சரியாகப் பொருத்தி ஓட்ட ஆகியிருக்கும் செலவு அதற்குப் பக்கத்தில்கூட வராது.

இந்தக் கதையில் தமிழக வாசகர் நின்று பார்க்க வேண்டிய இடம் வேறொன்று. அந்த நாள்களில் மில்வாக்கி நிலையம் வெளியேற்றிய நீர், அன்று நடப்பிலிருந்த தர வரம்புக்கு உட்பட்டுத்தான் இருந்தது. நம்முடைய ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரநிலை கலங்கலுக்கு 1 என்.டி.யு.வை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 5 என்.டி.யு.வரை அனுமதிக்கத்தக்க அளவாகவும் வைத்திருக்கிறது. நான்கு லட்சம் பேரைப் படுக்க வைத்த நீர், நம் அனுமதி வரம்புக்குள் தாராளமாக அடங்கிவிடும். ஆகவே, ‘தரத்துக்குள்தான் இருக்கிறது’ என்ற பதிலோடு நாம் நிம்மதி அடைய முடியாது. அளவு எவ்வளவு என்பதோடு, அது எந்த நேரத்திலிருந்து, எந்த வேகத்தில், எந்த வடிகட்டியில் ஏறுகிறது என்பதும் தெரிய வேண்டும். எப்போதும் 0.2 காட்டும் வடிகட்டி திடீரென்று 0.6 காட்டினால் அது வரம்புக்குள் இருக்கலாம். ஆனால் உள்ளே ஏதோ கெட்டுவிட்டது. அதை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மாதிரி சொல்லாது. இடைவிடாமல் நிமிடத்துக்கு நிமிடம் அளந்து காட்டும் கருவிதான் சொல்லும்.

ஒரு நீதிபதியின் முடிவு

இன்னொரு ஊர் கனடாவின் வாக்கர்டன். ஒன்டாரியோ மாகாணத்தில் ஐயாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். 2000 மே மாதம் அங்கே நாள்கணக்கில் கனமழை பெய்தது. அருகிலிருந்த பண்ணையின் மாட்டுச்சாணத்திலிருந்து கிளம்பிய ஈ.கோலை ஓ157 கிருமி, ஆழம் குறைந்த ஐந்தாம் எண் கிணற்றுக்குள் மழைநீரோடு இறங்கியது. ஏழு பேர் இறந்தார்கள். 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். இங்கே கிருமி குளோரினுக்கு அடங்கும் கிருமிதான். ஆனால், உள்ளே வந்த அழுக்கு இருந்த குளோரினை எல்லாம் தின்றுவிட்டது. மிச்சம் எதுவும் இல்லை. மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் இல்லை. அளக்காமலேயே பதிவேட்டில் 0.5, 0.75 என்று எழுதுவது அங்கே நெடுநாள் பழக்கம்.

இதை விசாரித்த நீதிபதி டென்னிஸ் ஓகானர் 2002இல் அறிக்கை தந்தார். குடிநீர்த் துறையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஆவணம் அது. எஞ்சிய குளோரினை நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக அளந்திருந்தாலே பாதிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும் என்றார். குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவிகள் அந்தக் கிணற்றில் இருந்திருந்தால் இந்த நோய்ப்பரவலே நடந்திருக்காது என்றும் முடிவு சொன்னார். குறைக்கும், தடுக்கும் என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே ஏழு உயிர்கள் இருக்கின்றன.

வாக்கர்டன் ஊழியர்களைக் கொடியவர்கள் என்று தள்ளிவிட்டுப் போவது எளிது. அவர்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். குளோரின் போடாத கிணற்று நீரே நல்லது என்று நம்பினார்கள். பொய் எழுதியது குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால், எதற்காக அளக்கிறோம் என்று அவர்களுக்கு யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை என்பதையும் அந்த அறிக்கை மறைக்கவில்லை. அதனால்தான் ஒன்டாரியோ அரசு புதிய குடிநீர்ச் சட்டத்தோடு நிற்காமல், அதே ஊரில் ஊழியர்களுக்கான பயிற்சி மையம் ஒன்றையும் தொடங்கியது.

இந்த இரு ஊர்களின் நிலையும் தமிழகத்துக்கு அந்நியமல்ல. செம்பரம்பாக்கத்தில் நாளுக்கு 53 கோடி லிட்டர், புழலில் 30 கோடி லிட்டர், வீராணம் நீரைச் சுத்திகரிக்கும் வடக்குத்தில் 18 கோடி லிட்டர் என ஏரி நீரைப் படிகாரமிட்டுத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி அனுப்பும் நிலையங்கள் மில்வாக்கியின் வகை. காவிரி, கொள்ளிடம், தாமிரபரணி ஆற்றுப் படுகைகளில் கிணறு இறக்கி, மணல் வடிகட்டித் தரும் நீரில் குளோரின் மட்டும் கலந்து நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு அனுப்பும் பல கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வாக்கர்டனின் வகை. மணல் மெலிந்த படுகையில் அந்த இயற்கை வடிகட்டலும் மெலியும். அப்போது ஊருக்கும் கிருமிக்கும் நடுவே நிற்பது குளோரின் மட்டுமே. கிராமத்தில் மேல்நிலைத் தொட்டியில் கரைக்கும் பிளீச்சிங் பவுடரோ, மூட்டையைப் பிரித்து வைத்த நாளிலிருந்து வீரியம் இழந்துகொண்டே வரும். எத்தனை கிலோ போட்டோம் என்ற கணக்கு பாதுகாப்பைச் சொல்லாது. கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்கிறதா என்பதே கேள்வி.

கருவி பொய் சொல்லும் விதங்கள்

‘அப்படியானால் எல்லா இடத்திலும் சென்சார் வைத்துவிடுவோம்’ என்று நிர்வாகம் உடனே சொல்லும். சொல்வதோடு நிற்காமல் செய்யவும் செய்கிறது. திட்ட அறிக்கைகளில் இன்று ஸ்காடா (கருவிகளின் எண்களைத் தொலைவிலிருந்தே திரையில் பார்த்துக் கட்டுப்படுத்தும் அமைப்பு) என்ற சொல் இல்லாத குடிநீர்த் திட்டம் அரிது. கட்டுப்பாட்டு அறைச் சுவரில் பெரிய திரை, அதில் பச்சை எண்கள், திறப்பு விழா. நான் கேட்பது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை.

கலங்கல் அளக்கும் கருவியையே எடுத்துக்கொள்வோம். ஒரு சிறு கலத்துக்குள் நீர் ஓடுகிறது. ஒரு பக்கத்திலிருந்து ஒளி பாய்ச்சுகிறார்கள்; துகள்களில் பட்டு 90 பாகையில் சிதறும் ஒளியை உணரி பிடித்து எண்ணாக மாற்றுகிறது. நீரில் காற்றுக் குமிழி வந்தால் அதுவும் துகள்போலத் தெரியும், ரீடிங் துள்ளும். உணரியின் கண்ணாடியில் பாசி படிந்தால் எண் மெல்ல நகரும். நாளுக்குக் கொஞ்சமாக நகர்வதால் யார் கண்ணிலும் படாது. இவற்றைவிட மோசமானது ஒன்று உண்டு. மாதிரி நீரைக் கொண்டுவரும் குறுகிய குழாய் அடைத்துக்கொண்டால், கலத்தில் இருக்கும் நீர் அப்படியே தேங்கி நிற்கும். தேங்கிய நீரில் துகள்கள் அடியில் படியும். நீர் தெளியத் தெளிய ரீடிங் குறைந்துகொண்டே போகும். அதாவது, கருவி தண்ணீரைப் பார்ப்பதை நிறுத்திய பிறகுதான் நிலையத்தின் மிகச் சிறந்த எண்ணைக் காட்டுகிறது. மேலே உட்கார்ந்திருப்பவர் அந்த எண்ணைப் பார்த்து மகிழ்வார். கருவிக்குள் நீர் ஓடுகிறதா என்று காட்டும் ஒரு சின்ன ஓட்டமானி இருந்தால் இந்த ஏமாற்றம் நடக்காது. அதைத்தான் பட்டியலிலிருந்து முதலில் வெட்டுகிறார்கள்.

குளோரின் கருவியின் கதை இன்னும் நுணுக்கமானது. ஒரு வகைக் கருவி வேதிப்பொருள் சேர்த்து, நிறம் எவ்வளவு சிவக்கிறது என்று பார்த்து அளக்கும். அதற்கான மருந்துப் புட்டியை ஏறக்குறைய மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், குளோரின் நிறைய இருந்தாலும் கருவி பூஜ்யம் காட்டும். அந்த எண்ணை நம்பி குளோரினைத் தானாகக் கூட்டும் அமைப்பு இருந்தால், ஊருக்குப் போகும் நீர் மூக்கை எரிக்கும். இன்னொரு வகை, சவ்வு மூடிய மின்வாயால் அளப்பது. இதற்கு மருந்து வேண்டாம் என்பதால் விற்பவர்கள் இதையே முன்னால் வைக்கிறார்கள். ஆனால் இது பெரிதும் உணர்வது குளோரினின் ஒரு வடிவத்தை மட்டும். கிருமியைக் கொல்லும் வலுவான வடிவம் அதுதான். நீரின் பி.எச். 7 இருக்கும்போது அந்த வடிவம் சுமார் முக்கால் பங்கு. 8 ஆகும்போது கால் பங்காகச் சுருங்கிவிடும். கோடையில் ஏரியில் பாசி பெருகினால் பகல் வெயிலில் பி.எச். ஏறும், இரவில் இறங்கும். பி.எச்.சைச் சேர்த்து அளந்து ஈடுசெய்யாத குளோரின் கருவி அந்தப் பகலில் குறைவாகக் காட்டும். கையில் குளோரோஸ்கோப் வைத்துப் பார்க்கும் ஊழியருக்கோ அளவு சரியாகவே தெரியும். ‘மெஷின் சரியில்லை’ என்று அவர் முடிவு கட்டுவார். உண்மையில் மெஷின் அவரிடம் முக்கியமான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது: அந்தப் பகலில் அவருடைய குளோரினின் கிருமி கொல்லும் வலு குறைந்திருந்தது.

கருவியும் கையும் முரண்படும் இந்தத் தருணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நல்ல நிலையத்தில் அந்த முரண்பாடு ஒரு கேள்வியாகிறது: எது தவறு, ஏன்? மற்ற இடங்களில் கருவி அணைக்கப்படுகிறது, அல்லது அதைவிட மோசமாக, கருவியின் எண்ணையே பதிவேட்டில் காப்பி எடுத்து எழுதிவிடுகிறார்கள். பிறகு இரண்டும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போவதால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

காலிபிரேஷன் என்று சொல்லும் அளவுதிருத்தத்தை ஆண்டுக்கு இரண்டு முறை கம்பெனி ஆள் வந்து செய்யும் சடங்காக நினைக்கிறோம். கம்பெனி ஆள் வர வேண்டியதுதான். ஆனால், கருவியைக் காப்பாற்றுவது தினமும் ஐந்து நிமிட வேலை. அதே குழாயிலிருந்து ஒரு மாதிரி பிடித்துக் கைக்கருவியில் பார்த்து, இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதி, வித்தியாசம் கூடினால் கண்ணாடியைத் துடைத்து மீண்டும் பார்ப்பது. கடை வைத்துத் தைக்கும் டெய்லர் தினமும் மிஷினுக்கு எண்ணெய் விடுவதுபோல இது தொழிலின் பகுதியாக வேண்டும். இந்தப் பழக்கம் உள்ள நிலையத்தில் மலிவான கருவியும் பத்து ஆண்டு உழைக்கும். இல்லாத இடத்தில் விலை உயர்ந்த கருவியும் ஒரு மழைக்காலம் தாங்காது.

மாதிரி எடுக்கும் இடமும் இதே அளவு முக்கியம். அறை வசதியாக இருக்கிறது என்பதற்காக வடிகட்டியிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளிக் கருவியை வைத்து, மெல்லிய குழாயில் நீரைக் கொண்டுவந்தால், கருவி பார்ப்பது எப்போதோ கடந்துபோன தண்ணீரை. குழாயின் உள்சுவரில் வளரும் வழவழப்பே குளோரினைத் தின்றுவிடும். அதேபோல, பல வடிகட்டிகளின் நீர் ஒன்றாகக் கலந்த பிறகு ஒரே ஒரு கருவி வைப்பது செலவைக் குறைக்கும், தகவலையும் குறைக்கும். எட்டு வடிகட்டிகளில் ஒன்று உடைந்து கலங்கலை விட்டால், மற்ற ஏழின் தெளிந்த நீர் அதை மறைத்துவிடும். அமெரிக்கா மில்வாக்கியிலிருந்து கற்ற முதல் பாடமே இது. 1998இல் கொண்டுவந்த விதிப்படி, பெரிய நிலையங்களில் ஒவ்வொரு வடிகட்டிக்கும் தனித்தனியே கருவி வைத்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்ய வேண்டும். கலந்த நீரின் கலங்கல் 95 விழுக்காடு அளவீடுகளில் 0.3 என்.டி.யு.வைத் தாண்டக் கூடாது.

அந்த விதியில் எனக்குப் பிடித்த வரி வேறு. கருவி பழுதானால் என்ன செய்வது என்றும் அது சொல்கிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் மாதிரி எடுக்க வேண்டும். அப்படி எடுத்துச் சமாளிப்பதும் ஐந்து வேலை நாள்களுக்கு மேல் செல்லாது. அதற்குள் கருவி திரும்ப ஓட வேண்டும். கருவி பழுதாகும் என்று ஒப்புக்கொண்டு எழுதிய சட்டம் அது. நம் கோப்புகளில் கருவி இருக்கும், அல்லது இருக்காது. பழுதான கருவி என்ற மூன்றாவது நிலைக்கு இடமே இல்லை. அதனால் பழுது மாதக்கணக்கில் நீடிக்கிறது.

வாங்கும் முறையில் இருக்கும் கோளாறு

பழுது நீடிப்பதற்குக் காரணம் ஊழியரின் சோம்பல் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வேர் ஒப்பந்தப்புள்ளியில் இருக்கிறது. கருவி வாங்கும் பணம் மூலதனக் கணக்கு. அது திட்டத்தோடு வரும். மருந்துப் புட்டி, சவ்வு, விளக்கு, மின்வாய் வாங்கும் பணம் பராமரிப்புக் கணக்கு. அது உள்ளாட்சியின் வருவாயிலிருந்து வர வேண்டும். முன்னது எளிதில் கிடைக்கும். பின்னதற்கு ஒவ்வொரு முறையும் கோப்பு நகர வேண்டும். சில ஆயிரம் ரூபாய்ச் சவ்வுக்காகச் சில லட்ச ரூபாய்க் கருவி கண்ணை மூடிக்கொள்கிறது. உத்தரவாதக் காலம் முடிந்ததும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால், அந்தக் கருவிக்குத் தேதி குறித்தாயிற்று.

குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற முறையில், கருவியின் விலை மட்டும் ஒப்பிடப்படும்போது, பத்து ஆண்டுச் செலவு யார் கணக்கிலும் வருவதில்லை. இதை மாற்றத் தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் தடையாக நிற்பதாக நான் கருதவில்லை. எதை வாங்குகிறோம் என்பதைத் திருத்தி எழுதினால் போதும். கருவியை வாங்காமல், நம்பத்தக்க ரீடிங்கை வாங்கலாம். ஏழு அல்லது பத்து ஆண்டுகளுக்கு ஒரு நிறுவனம் கருவியைப் பொருத்தி, பராமரித்து, கைக்கருவியோடு ஒத்துப்போகும் எண்களைத் தர வேண்டும். அப்படித் தந்த மணி நேரங்களுக்கு மட்டுமே பணம். ரீடிங் வராத நாளுக்கும், சோதனையில் தவறிய நாளுக்கும் பணம் இல்லை. இப்படி எழுதினால், குமிழி நீக்கும் கலமும், ஓட்டமானியும், இடி மின்னலிலிருந்து காக்கும் ஏற்பாடும் யாரும் கேட்காமலேயே வந்து சேரும்.

பராமரிப்பை வெளியாளிடம் விட்டாலும், எண்ணைச் சரிபார்க்கும் வேலையை ஒருபோதும் அவரிடமே விடக் கூடாது. தொழிற்சாலைக் கழிவுநீரில் நாம் கண்ட அனுபவம் இதைத்தான் சொல்கிறது. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் இணையவழிக் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால், எண் கூடினால் தண்டனை என்று ஆன இடத்தில், எண்ணைச் சரிசெய்யும் ஆசை தண்ணீரைச் சரிசெய்யும் ஆசையை முந்திவிடுகிறது. கருவியை வைத்திருப்பவரே அதன் எண்ணுக்குப் பொறுப்பாகவும், அதனால் தண்டிக்கப்படுபவராகவும் இருக்கும்வரை இந்தச் சிக்கல் தீராது. குடிநீர் நிலையங்களும் அதே வழியில் போய்விடக் கூடாது. கெட்ட எண்ணைக் காட்டியதற்காக ஒரு ஆபரேட்டருக்கு மெமோ கொடுத்தால், அடுத்த முறை அவர் கெட்ட எண்ணைக் காட்டமாட்டார். எண்ணை மறைத்ததற்குத் தண்டனை இருக்கட்டும். கெட்ட எண்ணை உடனே சொன்னதற்கு ஒருபோதும் இருக்க வேண்டாம்.

இரவு ஷிப்டில் யார்?

எண் சரியாக வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். நவம்பர் மாதம், நள்ளிரவு. மேலே ஏரியில் புதுவெள்ளம் இறங்கியிருக்கிறது. உள்ளே வரும் நீரின் கலங்கல் ஒரு மணி நேரத்தில் பல மடங்காகிறது. நிலையத்தில் இருப்பவர் ஒரு ஒப்பந்த ஆபரேட்டர். படிகாரத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்று, மாதிரி நீரில் வெவ்வேறு அளவு மருந்தைக் கலந்து பார்க்கும் ஜார் டெஸ்ட் செய்ய வேண்டும். அதைச் செய்யும் வேதியியலர் பகல் ஷிப்டில்தான் வருவார். மூன்றாவது வடிகட்டியின் ரீடிங் ஏறுகிறது. அதை மூடினால் ஊருக்குப் போகும் நீர் குறையும். காலையில் ஏதோ ஒரு பகுதியில் குழாயில் தண்ணீர் வராது. கவுன்சிலர் போன் செய்வார். மூடாவிட்டால் யாரும் போன் செய்யமாட்டார்கள். மூடும் அதிகாரம் அந்த ஆபரேட்டருக்கு எழுத்தில் இருக்கிறதா? மூடியதற்காக அவரை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்ற உறுதி இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்ற பதில் இல்லாத நிலையத்தில் எத்தனை சென்சார் வைத்தும் பயனில்லை.

அலாரமும் அப்படித்தான். ஒவ்வொரு குமிழிக்கும் அடிக்கும் அலாரத்தை முதல் வாரத்திலேயே யாராவது நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவது மனித இயல்பு. குறைவான அலாரங்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில், பெரிய எழுத்தில், கருவியின் பக்கத்திலேயே ஒட்டியிருக்க வேண்டும். இத்தனை என்.டி.யு. தாண்டினால் இந்த வால்வை மூடு, இவருக்குப் போன் செய், பின்கழுவலைத் தொடங்கு. எண் வெகுநேரம் அசையாமல் ஒரே கோடாக நின்றாலும் அலாரம் அடிக்க வேண்டும். உயிருள்ள தண்ணீரின் எண் கொஞ்சமாவது ஆடிக்கொண்டிருக்கும்.

இந்தப் பொறுப்பைச் சுமக்கும் ஆபரேட்டருக்கு நாம் தரும் சம்பளத்தையும் பணிப் பாதுகாப்பையும் பற்றி வாய் திறக்காமல், கருவிகளைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையல்ல. லட்சக்கணக்கானவர்கள் குடிக்கும் நீரை இரவெல்லாம் காப்பவர், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தக்காரர் மாறும்போது வேலை போகுமோ என்று அஞ்சுபவராக இருக்கிறார். அவர் கற்றுக்கொண்ட கைப்பழக்கமும் அவரோடு போய்விடுகிறது. குடிநீர் வடிகால் வாரியமும் சென்னைக் குடிநீர் வாரியமும் சேர்ந்து, ஆபரேட்டர்களுக்குச் சான்றிதழுடன் கூடிய முறையான பயிற்சியும், அந்தச் சான்றிதழுக்கு ஏற்ற ஊதியமும் கொண்டுவர வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தச் சொல்லித்தர முடிந்த நாட்டில் இது முடியாத காரியமல்ல.

ஒடிசாவின் புரி நகரம் 2021 ஜூலையில் 24 மணி நேரமும் குழாயிலிருந்து நேரடியாகக் குடிக்கக்கூடிய நீரைத் தரத் தொடங்கியது. அங்கே ‘ஜலசாதி’ என்னும் மகளிர் குழுப் பெண்கள் வீட்டு வாசலிலேயே நீரைப் பரிசோதித்துக் காட்டுகிறார்கள். நிலையத்துக் கருவியின் எண்ணை வாசலில் இருக்கும் ஒரு பெண்ணின் கைக்கருவி சரிபார்க்கும்போது, அந்த எண்ணில் பொய் தங்குவது கடினம். இடைவிடாத அழுத்தம் இருப்பதால் வெளியிலிருந்து சாக்கடை நீர் குழாய்க்குள் இழுபடுவதும் குறையும். சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் நம் ஊர்களில், நிலையத்தில் தெளிந்த நீர் தெருவில் கெட்டுப்போகும் வாய்ப்பு எப்போதும் உண்டு. ஆகவே கருவிகள் நிலையத்தின் வாசலோடு நின்றுவிடக் கூடாது. கடைசி மேல்நிலைத் தொட்டியிலும், கடைசித் தெருவிலும் எஞ்சிய குளோரினைப் பார்க்க வேண்டும்.

கருவி எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்றும் யாரும் நம்ப வேண்டாம். ஈ.கோலையை உறுதிசெய்ய ஆய்வகத்தில் ஒரு நாளாவது ஆகும். ஈயம், ஆர்செனிக் போன்றவற்றுக்கும் ஆய்வகம்தான். நிமிடக் கருவியின் வேலை, ஆய்வக முடிவு வருவதற்குள் ஊர் குடித்துவிடும் தண்ணீரைப் பற்றி எச்சரிப்பது. நிமிடக் கருவி வந்துவிட்டது என்று ஆய்வக மாதிரிகளைக் குறைக்கும் யோசனை எங்கே எழுந்தாலும் எதிர்க்க வேண்டும்.

பாட்டிலில் அடைத்து விற்கும் நீருக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தரம் கட்டாயம். குழாயில் வரும் நீருக்கு ஐ.எஸ். 10500 அப்படிக் கட்டாயச் சட்டமாக இல்லை. காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் குடிக்கும் தண்ணீருக்குத்தான் பிடி தளர்வாக இருக்கிறது. தமிழக அரசு மத்தியச் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் ஒவ்வொரு வடிகட்டிக்கும் தனிக் கருவி, 15 நிமிடப் பதிவு, பழுதுக்கு ஐந்து நாள் கெடு, கலங்கலும் குளோரினும் அன்றன்றே இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியீடு ஆகிய நான்கையும் ஓர் அரசாணையில் கொண்டுவரலாம். ஆணை வரும்வரைகூட ஒரு நிர்வாகப் பொறியாளர் தன் நிலையத்தில் நாளையே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. பதிவேட்டில் இன்னொரு கட்டம் போட்டு, கருவியின் எண்ணுக்குப் பக்கத்தில் கையால் அளந்த எண்ணை ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதச் சொல்வது. இரண்டும் ஒரு மாதம் முழுக்க இம்மியும் பிசகாமல் ஒத்துப்போனால், தானே போய் அந்தக் குழாயைத் திறந்து பார்ப்பது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் அதைச் செய்துவிட்டால் நல்லது.